பாட்டு இல்லாத நாளில் முக்கால் கை

1983-ஆம் வருடம் ஆடி மாதம், ஆரணியில் நடந்தது இது. அப்போது நான் புள்ளியியல் துறையில் உதவி ஆய்வாளர். போளூர், செய்யார் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், வரிசையில்லாத எண்களை மட்டுமே அச்சிட்ட ரேண்டம் நம்பர் புத்தகத்தைப் பிரித்து, அதில் வருகிற எண்ணுக்குரிய வயலைத் தேர்ந்தெடுத்து, அந்த வயலில் ஒரு சதுரம் குறித்து, அதில் விளைந்த நெல்லை மட்டும் அறுத்து எடை போடுவேன். அதை வைத்துத்தான் அந்தப் போகத்தின் மகசூலை அரசாங்கம் கணக்கிடும். இருபது வருடம் அந்த வேலை. எனவே எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன், பழக்கம் போகவில்லை. மருந்துக்கடைக்கு என் வீட்டிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடி. போன மாதம் நானூற்று முப்பது ஆகிவிட்டது. அடி சின்னதாகிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கவலை தனி.

ஆடிக் காற்றில் சைக்கிளோடு விழுந்து வலது தோள் பிசகிக்கொண்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. கிறிஸ்தவ அன்பர்கள் சிலர் கமிட்டி வைத்து நடத்தியது. அதன் பின்கட்டில் ஓர் அறையில் கைகால் பயிற்சி கொடுக்கிறார்கள், போய்வாருங்கள் என்றார் டாக்டர். காலை எட்டு மணிக்குப் போனேன். உள்ளே ஆர்மோனியச் சத்தம். தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஒரு நர்ஸ் ஆர்மோனியம் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். உள்ளூர் ஆசிரியர் குடும்பத்துப் பெண், கோயிலில் பாடிப் பழகிய குரல். எதிரே பெஞ்சில் எட்டுப் பேர். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தவர்கள். எட்டில் ஆறு பேர் பட்டுத்தறி நெசவாளர்கள். பாட்டின் தாளத்துக்குக் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார்கள். சிஸ்டர் பாடிக்கொண்டே ஆர்மோனியத்துக்கு மேலாக எட்டிப் பார்த்து, பாட்டு நடுவிலேயே, "அண்ணா, முழங்கை மடங்குது பாருங்க" என்பார். மறுபடி விட்ட அடியிலேயே பிடித்துக்கொள்வார். நானும் உட்கார்ந்து தூக்கினேன். முதல் நாள் பதினாறு முறை. வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பதினாறு முறை ஆனதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரத்தில் என் தோள் சரியாகிவிட்டது. கடைசி நாள் விடைபெறப் போனபோது சிஸ்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். அறக்கட்டளை ஒன்று சென்னையிலிருந்து அனுப்பிய கடிதம். அவர் உதவி கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். விஷயம் இதுதான். அந்த டிசம்பர் வரைதான் கமிட்டி அவரை இந்த அறையில் விட்டுவைக்கும். வார்டில் ஆள் பற்றாக்குறை. அறக்கட்டளை உதவினால் வார்டுக்கு வேறொரு நர்ஸைப் போட்டுக்கொண்டு இவர் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ஜனவரியிலிருந்து இவர் வார்டுக்குப் போக வேண்டும். அறை மருந்து ஸ்டோர் ஆகிவிடும். ஆர்மோனியம் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை.

விண்ணப்பத்தில், பாட்டு வைத்த பிறகு நோயாளிகள் சந்தோஷமாக இருக்கிறார்கள், நல்ல முன்னேற்றம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். அவர்கள் பதில் மரியாதையாகத்தான் இருந்தது. உங்கள் உணர்வை மதிக்கிறோம், ஆனால் முன்னேற்றம் எவ்வளவு, அதை எப்படி அளந்தீர்கள், பாட்டு இல்லாவிட்டால் அது வந்திருக்காது என்று எப்படித் தெரியும், இவற்றைச் சேர்த்து நவம்பர் கடைசிக்குள் மறுபடி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். கூடவே பதினொரு கேள்விகள் கொண்ட ஒரு படிவம்.

"சந்தோஷத்த எப்படி சார் அளக்கறது?" என்றார் சிஸ்டர்.

"சந்தோஷத்தை விடுங்கம்மா. கையை அளக்கலாம்" என்றேன்.

அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இருபது வருடம் நெல்லை எடை போட்டவன். முதல் தடவையாக ஒரு மனிதருக்கு என் வேலை தேவைப்படுகிறது.

திட்டம் என்னுடையது. ஒவ்வொருவர் முன்னும் இரண்டு தட்டு. ஒரு தட்டில் புளியங்கொட்டை. விழுந்த கையால் ஒவ்வொன்றாக எடுத்து மறு தட்டில் போட வேண்டும். இரண்டு நிமிடத்தில் எத்தனை என்று எண்ணுவேன். மொத்தம் இருபத்து நான்கு நாள். பன்னிரண்டு நாள் பாட்டோடு, பன்னிரண்டு நாள் பாட்டு இல்லாமல். எந்த நாள் எது என்பதை நாங்கள் முடிவு செய்யக்கூடாது, என் ரேண்டம் நம்பர் புத்தகம் முடிவு செய்யும். ஒற்றைப்படை வந்தால் பாட்டு, இரட்டைப்படை வந்தால் இல்லை, ஒரு பக்கம் பன்னிரண்டு நிரம்பிவிட்டால் மீதி நாள் மற்றதற்கு. சிஸ்டர் அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கதையே இல்லியே சார்" என்றார்.

முதல் நாள் காலை ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் இன்று வரை நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன். எட்டுப் பேருக்கும் எல்லாவற்றையும் விளக்கினேன். நோயாளிகளை வைத்து ஒன்று செய்யும்போது அவர்களுக்குச் சொல்லாமல் செய்யலாமா என்பது என் நியாயம். பாட்டு இருந்தால் கை அதிகம் வேலை செய்கிறதா என்று பார்க்கப்போகிறோம், வித்தியாசம் நன்றாகத் தெரிந்தால் சிஸ்டருக்கு உதவி கிடைக்கும், இந்த அறையும் இருக்கும் என்று சொன்னேன். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். மூன்றாம் இடத்தில் உட்கார்ந்திருந்த நெசவாளர் ஒருவர் மட்டும் கேட்டார்:

"வித்யாசம் எவ்ளோ வந்தா போதும் சார்?"

நல்ல கேள்வி என்று பாராட்டினேன். எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று வேறு சொன்னேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பத்தெட்டு வயது. நாற்பது வருடமாகப் பட்டுத்தறி. வலது கை விழுந்து ஒன்பது பத்து மாதம் ஆகியிருந்தது. அந்த பெஞ்சில் அவர்தான் தலைவர் மாதிரி. யாராவது சோம்பினால், "இன்னா, மாமியார் வூட்டுக்கு வந்துகினு கீறியா? தூக்குய்யா" என்பார். என்னை 'நெல்லு சார்' என்று பேர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்தவரும் அவர்தான்.

தினமும் அலுவலகம் போகும் முன் எட்டு மணிக்கு ஆஜராகிவிடுவேன். என் மனைவி, "ஆஸ்பத்திரிக்குப் போயும் கொட்டைய எண்ணிகினு இருக்கீங்களாமே, வெளியில சொல்லாதீங்க" என்றாள். ஒரு வாரத்திலேயே கணக்கு பேச ஆரம்பித்தது. பாட்டு உள்ள நாள் ஆளுக்குச் சராசரி இருபத்தொன்று, இருபத்திரண்டு. பாட்டு இல்லாத நாள் பதினான்கு, பன்னிரண்டு. இரண்டாவது வாரமும் அப்படியே. இத்தனை அழகான வித்தியாசத்தை நான் நெல்லில் பார்த்ததே இல்லை. உரம் போட்ட வயலுக்கும் போடாத வயலுக்கும் கூட இவ்வளவு இருக்காது.

படிவத்தில் ஐந்தாவது கேள்வி, பாட்டு இல்லாத நாளில் அறை அமைதியாக இருந்ததா என்பது. ஆரணியில் அமைதிக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி நான்கு தறி. டக் டக்கென்று நாள் முழுக்க ஓடும். அந்தத் தறிக்காரரிடம் போய் காலையில் அரை மணி நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிய வேணா அரை மணி நேரம் நிறுத்துங்க சார்" என்றார். 'தறிச் சத்தம் இரண்டு வகை நாளிலும் சமமாக இருந்தது' என்று எழுதிக்கொண்டேன்.

நான் சந்தோஷமாக இருந்தேனே தவிர சிஸ்டர் இல்லை. பாட்டு இல்லாத நாட்களில் அவர் மூடிய ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எட்டுப் பேரும் ஒரு கொட்டையை எடுக்க அவ்வளவு பாடுபடுவார்கள். விரல் நடுங்கும், கொட்டை நழுவும். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், இத்தோட நிறுத்திடலாமா? பாட்டு இல்லன்னா கை செத்துப் போற மாதிரி இருக்குது. பாக்க முடியல. ஜனவரியில நான் வார்டுக்குப் போயிட்டா இவங்க கதி என்ன சார்?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. பாதியில் நிறுத்தினால் கணக்கு நிற்காது என்று நான் மறுத்துவிட்டேன். அந்தப் பயமே வித்தியாசம் இருப்பதற்கு நல்ல அடையாளம் என்று கூடச் சொன்னேன்.

இருபத்து நான்காவது நாள். புத்தகப்படி பாட்டு இல்லாத நாள். சராசரி போட்டாயிற்று. பாட்டு நாளில் இருபத்தொன்று, மற்ற நாளில் பதின்மூன்று. அலுவலக டைப்பிஸ்டிடம் சொல்லிப் படிவத்தையே தட்டி வாங்கி வைத்திருந்தேன். கடைசி நாளின் எண்ணிக்கையைச் சேர்த்து சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வெளியே வந்தால் மழை பிடித்துக்கொண்டது. குடையை அலுவலகத்தில் விட்டிருந்தேன். வராந்தாவில் தூண் ஓரமாக நின்றேன்.

வராந்தாவின் மறு கோடியில் அந்த மூன்றாம் இடத்து நெசவாளரும் அவர் மனைவியும். அந்த அம்மாள் காத்திருக்கும் நேரத்தில் வேலை பார்க்கப் பட்டு நூல் கற்றையைச் சிட்டமாகச் சுற்றிக் கொண்டுவருவது வழக்கம். அன்று நூல் சிக்கிக்கொண்டது போலிருக்கிறது. இழுத்துப் பார்த்துவிட்டு அலுத்துப்போய்க் கணவரிடம் கொடுத்தார். அவர் அதை முழங்காலில் போட்டுக்கொண்டு சிக்கெடுக்க ஆரம்பித்தார்.

வலது கையால்.

பட்டு நூல் தலைமுடியைவிட மெல்லிசு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு இழையை மட்டும் பிடித்து, அடுத்த இழைக்கு அடியில் நுழைத்து, மேலே இழுத்து விடுகிறார். நான் எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை. தானாக வந்தது. இரண்டு நிமிடத்துக்குள் முப்பத்தாறு இழை. அரை மணி நேரம் முன்னால் இதே கை என் எதிரில் பதினொரு புளியங்கொட்டையோடு நின்றுபோனது.

நான் பக்கத்தில் போய் நின்றதை அவர் பார்க்கவில்லை. மனைவி பார்த்துவிட்டார். கணவர் திரும்பி என்னைக் கண்டதும் சட்டென்று வலது கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மாட்டிகினியா? நல்லா வேணும்."

"இன்னாங்க இது?" என்றேன்.

"உக்காருங்க சார். சொல்றேன். கத்தாதீங்க, சிஸ்டரம்மா உள்ள கீறாங்க" என்றார். துண்டிலிருந்து கை மெதுவாக வெளியே வந்தது. "அளக்க வந்தா எவன் சார் முழு கையக் காட்டுவான்? முதலாளி வந்து தறிப் பக்கத்துல கடியாரத்தப் பாத்துகினு நின்னா, நாங்க குறுக்கு நூல ஓட்டுற நாடாவ மெதுவாத்தான் விடுவோம். அன்னிக்கி ஜல்தியா நெய்ஞ்சிட்டா, தெனமும் அவ்ளோ நெய்ணும்னு ரேட்ட கொறச்சிடுவாரு. அளக்கிற நாளு முக்கா கைதான். எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான்."

"அது முதலாளிகிட்ட. இங்க எதுக்கு?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, வித்யாசம் வரணும், வந்தாத்தான் சிஸ்டரம்மாவுக்கு நல்லதுன்னு. நாங்க எட்டு பேரும் அன்னிக்கே பேசிகினோம். பாட்டு இருக்கிற நாளு முழு கை. இல்லாத நாளு முக்கா கை. நெசவு தெரியாத ரெண்டு பேரு கீறாங்க பாருங்க, அவங்களுக்கு சொல்லிக் குடுக்கறதுக்குத்தான் பேஜாராப் போச்சி. ஒருத்தரு மொத நாளு ரெண்டே ரெண்டு கொட்டைய எடுத்துட்டு உக்காந்துட்டாரு. அப்புறம் நான்தான் வைதேன்."

"ஒண்ணரை மாச வேலை வீணாப் போச்சுங்க."

"வீணா எப்படி சார் போவும்? வித்யாசம் நல்லாத்தானே வந்துது?" அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் வேணும்னா சொல்லுங்க. அடுத்த தபா கொறச்சிக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்! போளூர்ப் பக்கம் விவசாயி, மாடு மேய்ந்த மூலையைக் காட்டி, "இங்க அளங்க சார்" என்பார். மகசூல் குறைவாகக் காட்டினால் ஏதாவது சலுகை வருமென்று. அந்தத் தந்திரமெல்லாம் தெரிந்தவன் என்று இருபது வருடமாக இறுமாந்திருந்தேன். மனிதன் பொய் சொல்வான், உடம்பு சொல்லாது என்று நம்பினேன். என் எதிரில் எட்டு உடம்புகள் ஒன்றரை மாதம் கட்டுப்பாடாகப் பொய் சொல்லியிருக்கின்றன. அதற்கு வழி செய்து கொடுத்ததும் நான்தான்.

உள்ளே போய் சிஸ்டரிடம் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சிரிப்பு இல்லை, தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. "அப்ப அவங்க கை சாகல. நல்லாத்தான் இருந்திருக்குது" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எனக்குக் கணக்கு போன துக்கம், அவருக்குக் கை இருந்த சந்தோஷம்.

பிறகு டைப் அடித்த படிவத்தைக் கையில் எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"இது யாருக்கும் தெரியாதில்ல சார்?"

தெரியாது என்றேன். உண்மை அதுதான். நெல்லையாவது மேலதிகாரி வந்து சரிபார்ப்பார். புளியங்கொட்டையை யார் வந்து எண்ணப்போகிறார்கள்? அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்று நான் தடுத்திருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அவர் போடவில்லை. "வேற ஊர்ல என்ன மாதிரி ஒரு நர்ஸு இத நம்புவா சார். பாட்டு நின்னா கை நின்னுடும்னு நெனச்சிப்பா. நான் ஒண்ணரை மாசம் பயந்த மாதிரி அவளும் பயந்துகினு இருப்பா. வேணாம்" என்று சொல்லிப் பேனாவை மூடிவிட்டார்.

கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுபடி ஆறு நாள் அளப்பது என்று முடிவு செய்தோம். மூன்று நாள் பாட்டோடு, மூன்று நாள் இல்லாமல். இந்தத் தடவை சிஸ்டரே பெஞ்சுக்கு எதிரில் நின்று பேசினார். "எனக்காக செஞ்சீங்க, தெரியும். இனிமே எனக்காகவே, முழு கை காட்டுங்க. எல்லா நாளும்." எட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நெசவாளர் மட்டும் முனகினார்: "தப்பு பண்றீங்கம்மா. அப்புறம் எங்கள சொல்லக்கூடாது."

அவர் சொன்னதுதான் நடந்தது. ஆறு நாள் முடிவில் பாட்டு உள்ள நாள் இருபத்தொன்று. இல்லாத நாள் இருபது. ஒரே ஒரு கொட்டை வித்தியாசம். அதை வித்தியாசம் என்று எந்தப் புள்ளியியல்காரனும் சொல்ல மாட்டான். தூங்கி எழுந்த நேரத்தைப் பொறுத்தே அவ்வளவு மாறும்.

எண்களை நான் வாசித்தேன். சிஸ்டர் ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அப்ப பாட்டால ஒண்ணும் இல்லியா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு குழந்தை கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

நெசவாளருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா பேச்சு இது? பாட்டு இல்லன்னா நான் இங்க எதுக்கு வரப்போறேன்? புளியங்கொட்ட எங்க வூட்டுலயே ஒரு மொறம் கீது!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை. என் மண்டையில் ஏதோ ஒன்று இடித்தது.

"சிஸ்டர், வருகைப் பதிவேடு இருக்கா?"

இருந்தது. யாரும் பிரித்துப் பார்க்காத நீள நோட்டு. ஆர்மோனியம் வந்தது அந்த வருடம் பிப்ரவரியில். நான் அங்கே போனது ஆடியில். அதாவது அளப்பவன் யாரும் இல்லாத காலம். யாருக்கும் எதையும் காட்ட வேண்டிய தேவை இல்லாத காலம். முதலில் மூன்றாம் இடத்துக்காரர் பெயரைத் தேடினேன். கை விழுந்தது முந்தின டிசம்பரில். டிசம்பரில் மூன்று நாள் வந்திருக்கிறார். ஜனவரி முழுக்க வெற்றுக் கட்டம். பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒரு நாள். அதற்குப் பிறகு ஒரு நாள் கூட விடவில்லை. மார்ச், ஏப்ரல், மே, சித்திரை வெயில், கல்யாண முகூர்த்த காலத்தில் தறி வேலை குவிகிற நாட்கள், எல்லாவற்றிலும் அவர் பெயருக்கு எதிரே டிக்.

"ஜனவரியில ஏங்க வரல?" என்று கேட்டேன்.

"வந்து இன்னா பண்றது சார்? கையத் தூக்கு, எறக்குன்றாங்க. செவுத்தப் பாத்துகினு தூக்கணும். வூட்ல படுத்துகினு கூரையப் பாக்கறேன்னு போயிட்டேன். அப்புறம் யாரோ சொன்னாங்க, பாட்டெல்லாம் பாடுறாங்கன்னு. சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அன்று மாலையும் மறுநாளும் அந்த நோட்டை முழுக்க எண்ணினேன். அலுவலகத்துக்கு லீவு போட்டேன். பாட்டுக்கு முந்தின ஆறு மாதத்தில் பயிற்சிக்கு வரச் சொன்னவர்கள் பத்து நாளுக்கு நான்கு நாள்தான் வந்திருக்கிறார்கள். பாட்டுக்குப் பிறகு பத்துக்கு ஒன்பது. கை பாட்டால் குணமாகவில்லை. கை பயிற்சியால்தான் குணமானது. ஆனால் ஆளைத் தினமும் பயிற்சிக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தது பாட்டு. இதை நான் அளக்க நினைக்கவே இல்லை. அளப்பதாக யாருக்கும் சொல்லாததால் அது கெடாமல் இருந்தது.

சிஸ்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. நோட்டை மூடப்போனவன் கேட்டேன், பிப்ரவரியில் பாட்டைத் தவிர வேறு ஏதாவது புதிதாக ஆரம்பித்தீர்களா என்று. கொஞ்சம் யோசித்தார்.

"சுக்குக் காபி சார்."

"என்னது?"

"பயிற்சி முடிஞ்சதும் ஒரு டம்ளர் குடுக்கறேனே, அது. ஆர்மோனியம் வந்த மாசந்தான் ஆரம்பிச்சேன்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். "அதையும் எழுதணும்மா."

"காபியக் கூடவா சார்?"

"எழுதணும். பாட்டுக்கு வந்தாங்களா காபிக்கு வந்தாங்களான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

படிவத்தின் பதினோராவது கேள்வி, உங்கள் முறையில் உள்ள குறைகள் என்ன என்பது. பதிலுக்கு நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். நாங்கள் ஒன்றரைப் பக்கம் தனித்தாளில் எழுதி ஊசி குத்தி இணைத்தோம். இருபத்து நான்கு நாள் கணக்கு, அது ஏன் செல்லாது, ஆறு நாள் கணக்கு, பதிவேடு, பாட்டுக்கு முன்பு வந்தவர்களும் பின்பு வந்தவர்களும் ஒரே ஆட்கள் அல்ல என்பது, சுக்குக் காபி, எல்லாம். சிஸ்டர் கையெழுத்துப் போட்டார். இதை வாசித்துவிட்டு யார் உதவி செய்வார்கள் என்றுதான் நினைத்தேன். அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவர், "பரவால்ல சார். வார்டுலயும் காது கேக்கறவங்கதானே இருக்காங்க, அங்க பாடறேன்" என்றார்.

டிசம்பர் போனது. ஜனவரி முதல் வாரம் ஆர்மோனியத்தைத் துணி சுற்றி மூலையில் வைத்துவிட்டு சிஸ்டர் வார்டுக்குப் போனார். அறைக்குள் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. பிப்ரவரியில் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். விஷயம் எப்படியோ கசிந்து, எட்டுப் பேரில் ஆறு பேர் வந்து பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார்கள். நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நாம் கேட்டது இரண்டு வருடத்துக்கு. அவர்கள் ஒரு வருடத்துக்குத் தருகிறார்கள். காரணமும் எழுதியிருந்தார்கள். வந்த விண்ணப்பங்களில் தன் தவற்றைத் தானே சொன்னது இது ஒன்றுதான், ஆகவே இந்த அறை மேற்கொண்டு சொல்லப்போவதை நம்பலாம் என்று நினைக்கிறோம் என்று. கூடவே ஒரு நிபந்தனை. அடுத்த வருடம் பாட்டைத் தனியாகவும் காபியைத் தனியாகவும் வைத்துப் பார்க்க வேண்டும்.

சிஸ்டர் போய் ஆர்மோனியத்தின் மேல் சுற்றியிருந்த துணியை அவிழ்க்க ஆரம்பித்தார். நெசவாளர் என்னைத் தோளில் தொட்டார். வலது கையால்.

"சார், ஒண்ணு கேக்கறேன். நம்ம பொய்யயும் எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"பேரோடயா?"

"பேர் இல்லை. மூணாம் நம்பர்னு."

"அப்ப சரி" என்றார். பிறகு, "அடுத்த வருசம் எதுக்கு அளக்கறீங்கன்னு எங்ககிட்ட சொல்லாதீங்க சார். சொன்னீங்கன்னா எங்களால சும்மா இருக்க முடியாது" என்றார்.

பின்னாளில் பெரிய புத்தகங்களில் இதே விதியைப் படித்தேன். இவ்வளவு தெளிவாக எதிலும் இல்லை. அந்த அறை அதற்குப் பிறகு ஆறு வருடம் நடந்தது. நெசவாளர் பாதி நாள் தறியில் உட்காரும் அளவுக்குத் தேறினார். நான் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ கணக்குகள் எடுத்தேன். ஒன்றிலும் அப்படி ஏமாறவில்லை. அப்படி யாரும் என்னை ஏமாற்ற மெனக்கெடவும் இல்லை.

விழுந்த கை திரும்பி வந்தால் அதை ஊர் முழுக்கக் காட்ட வேண்டும் என்றுதான் யாருக்கும் ஆசை இருக்கும். எனக்குத் தோள் சரியானபோது நான் தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டினேன். அந்த எட்டுப் பேரோ, மாதக்கணக்கில் பாடுபட்டுத் திரும்பப் பெற்ற கையைப் பன்னிரண்டு நாள் ஒளித்து வைத்துக்கொண்டு, இன்னும் ஊனமாகவே இருப்பவர்கள் போல் இன்னொருவருக்காக என் முன் உட்கார்ந்திருந்தார்கள். என் கணக்கில் அது பிழை என்று எழுதியது நான்தான், எழுதியது சரிதான், ஆனால் இத்தனை வருடத்தில் அந்தப் பிழையைவிட மதிப்பான ஓர் எண் என் நோட்டுப் புத்தகங்கள் எதிலும் இல்லை.